தந்தைக்குக் கடிதம்

பிராகில் பிறந்த ஜெர்மன் மொழி எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா (1883–1924) தம் தந்தை ஹெர்மனுக்கு 1919 நவம்பரில் எழுதிய கடிதம். கையெழுத்தில் நூறு பக்கத்தைத் தாண்டும். யூலி வொரிசெக் என்ற பெண்ணை மணக்க மகன் எடுத்த முடிவைத் தந்தை இழித்துப் பேசியது உடனடிக் காரணம். என்னைக் கண்டு ஏன் பயப்படுகிறாய் என்று அவர் கேட்டிருந்த கேள்விக்குப் பதிலாகக் கடிதம் தொடங்குகிறது.

ஹெர்மன் கசாப்புக்காரரின் மகன். வறுமையில் வளர்ந்து, பிராகில் ஆடம்பரப் பொருள் வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். பிள்ளையை அவர் அடித்ததே அபூர்வம் என்று காஃப்காவே ஒப்புக்கொள்கிறார். ஆனால் முகம் சிவக்கக் கத்தியபடி கால்சட்டைப் பட்டையை அவிழ்த்து நாற்காலி முதுகில் தயாராகப் போட்டுவைப்பார். விழாத அடிக்காகக் காத்திருப்பது அடியைவிட மோசம் என்கிறார் மகன். இரவில் தண்ணீர் கேட்டு அழுத சிறுவனைத் தூக்கிப்போய், இரவுச்சட்டையோடு வெளித்தாழ்வாரத்தில் நிறுத்திக் கதவைச் சாத்தியதும் இதில் வருகிறது. சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளுக்கு விதித்த ஒழுங்குகளை அப்பா மட்டும் மீறலாம்.

குற்றம் யாருடையது? தந்தை குற்றவாளி அல்ல என்று கடிதம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சாட்சியங்களையோ ஒன்றுவிடாமல் அடுக்குகிறது. இதில் வக்கீல் தந்திரங்கள் உண்டு என்று 1920இல் தம் தோழி மிலேனா யெசென்ஸ்காவுக்கு எழுதியபோது காஃப்காவே சொன்னார். முடிவில் தந்தையின் மறுப்பையும் தாமே எழுதி, தம்மை ஒட்டுண்ணி என்று ஏசவைக்கிறார்.

விமர்சகர்கள் பெரும்பாலும் தந்தையையே பேசுகிறார்கள். அதைவிடக் கூர்மையான பகுதி தாயைப் பற்றியது. அவர் அன்பானவர், சமாதானம் செய்பவர். அந்த அன்பே, மிரண்டு விலகிய பிள்ளையை மீண்டும் தந்தையின் பிடிக்குள் விரட்டியது என்கிறார் மகன். வேட்டையில் விலங்கைக் கலைத்துவிடுபவரின் வேலை அவருக்கு, அவர் அறியாமலே. கடையில் சிப்பந்திகளைத் தந்தை ஏசியதற்கு ஈடாகத் தாம் காட்டிய பணிவும் போதவில்லை என்று எழுதும்போது தம்மையும் காஃப்கா விட்டுவைக்கவில்லை.

கடிதம் உரியவரைச் சேரவில்லை. தாயிடம் கொடுக்கப்பட்டதென்றும், அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும் நண்பர் மாக்ஸ் பிராட் பதிவு செய்திருக்கிறார். ஹெர்மன் 1931இல் இறந்தார். கடிதம் முழுமையாக அச்சேறியது 1952இல். இதை வாழ்க்கை வரலாற்று ஆவணமாக மட்டும் எடுத்துக்கொள்வது தவறு. இதில் ஹெர்மன் தரப்பும் மகன் எழுதியதுதான். தந்தை மகனுக்கு மரண தண்டனை விதிக்கும், காஃப்கா 1912இல் எழுதிய ‘தீர்ப்பு’ கதையைப் படித்துவிட்டு இதற்கு வருவது நல்லது.