விலைச்சீட்டு உள்ள உடுப்பு

சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளை 1960களில் எழுப்பியவர்கள் எங்களை நினைத்து எழுப்பவில்லை. பழைய வீடுகளை இடித்து, நகரின் நடுவே வேலை பார்க்கும் இளம் தனியர்களுக்காகக் கட்டினார்கள். கட்டடங்களுக்குக் கனேடிய நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். 1983க்குப் பிறகு அந்தச் சிறிய வீடுகளுக்குள் நாங்கள் குடும்பங்களாக வந்து சேர்ந்தோம்.

எங்கள் புலம்பெயர்வைப் பற்றிப் பேசுபவர்கள் 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரைச் சொல்லாமல் விடுவதில்லை. வந்தவர்கள் முதல் பனிக்கு எதை உடுத்தார்கள் என்பது அதிகம் எழுதப்படவில்லை. நானறிந்த வீடுகளில் முதலாவது குளிர் அங்கி குட்வில்லிலிருந்தோ சல்வேஷன் ஆர்மி கடையிலிருந்தோ வந்தது.

இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் உடுத்துக் கழித்த துணிக்கு ஒரு திசை இருந்தது. அது மேலிருந்து கீழே போகும். குடிமைத் தொழில் செய்தவர்களுக்கு அதைக் கொடுப்பார்கள். யார் மேலாடை அணியலாம், யார் அணியக்கூடாது என்பதையும் சாதிதான் தீர்மானித்தது. அந்தத் தடைகள் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தன. அப்படியொரு மண்ணிலிருந்து வந்தவர்கள், முன்பின் தெரியாத ஒருவரின் அங்கியைக் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தார்கள்.

அதற்கு இடம் கொடுத்தது விலைச்சீட்டு. 1902இல் பொஸ்ரனில் குட்வில்லைத் தொடங்கிய மெதடிஸ்ற் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ், சேர்த்த பழைய பொருள்களை வேலையற்றவர்களைக் கொண்டு பழுதுபார்ப்பித்தார். அவற்றை விலைக்கு விற்று, அந்தக் காசில் அவர்களுக்குக் கூலி கொடுத்தார். இரண்டு டொலர் என்றாலும் காசு கொடுத்து வாங்கியவர் எவருக்கும் கடமைப்பட்டவர் இல்லை. முதலில் உடுத்தவர் யாரென்று தெரியாது. அவரைக் கும்பிடவும் வேண்டாம்.

வாங்கி வந்த அங்கியின் நீண்ட கையை மடித்துத் தைத்தார்கள். பிள்ளை வளர்ந்ததும் அதே அங்கி பாதி விலைக்குக் கீழ்மாடி வீட்டுக்குப் போனது. கிழிந்த யன்னல் சீலை தலையணை உறையானது. மிஞ்சிய காசு சீட்டுக்கும், ஊரிலிருந்த சகோதரங்களை இங்கே எடுப்பிக்கும் செலவுக்கும் போனது. இதனால் சாதி ஒழிந்துவிடவில்லை. கலியாணப் பேச்சு வந்ததும் திரும்பி வந்தது. ஆனால் பழைய உடுப்பை வாங்குவதில் இருந்த கீழ்மை கழன்று போனது.

2016 சனவரியில் ரொறன்ரோப் பகுதிக் குட்வில் தன் 16 கடைகளையும் திடீரென்று மூடியது. அதற்குள் எங்களில் பலர் வாங்குபவர்களாக இருந்து கொடுப்பவர்களாக மாறியிருந்தோம். இப்போது பழைய உடுப்புகளைப் பெட்டி கட்டி ஊருக்கு அனுப்புகிறோம். இங்கேதான் எனக்குத் தயக்கம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினக் கரைக்கு வந்த பழைய துணிகள் தெருவோரங்களில் குவிந்து கிடந்தன. எல்லாம் இழந்த மீனவர்கள் அவற்றை எடுக்கவில்லை. அதைச் செருக்கு என்று சொல்வது எளிது. இனாமாக வரும் பழைய துணி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெட்டியை ஒட்டுமுன் நாங்களும் அதை நினைக்கவேண்டும். பழசை இங்கேயே விற்று, அந்தக் காசை அனுப்பலாம். தனக்கு வேண்டிய உடுப்பைத் தானே பார்த்து வாங்கும் மரியாதை எங்களுக்கு இந்தத் தொடர்மாடிகளில் கிடைத்தது. வன்னியில் இருப்பவருக்கும் அது கிடைக்கட்டும்.