சென்னைக் கலங்கரை விளக்கம்

சென்னைக் கலங்கரை விளக்கம் என்பது மெரினா கடற்கரையின் தென்பகுதியில், மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் அருகே காமராசர் சாலையில் அமைந்துள்ள கலங்கரை விளக்கம் ஆகும். சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் கொண்ட இம்முக்கோண வடிவக் கோபுரம் 1977 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. மின்தூக்கி வசதியுள்ள கலங்கரை விளக்கங்கள் இந்தியாவில் அரிது. அவற்றுள் இதுவும் ஒன்று.

நகரின் முதல் கலங்கரை விளக்கம் 1796 இல் புனித ஜார்ஜ் கோட்டையில், இன்று அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடத்தின் மீது தேங்காய் எண்ணெய் விளக்குகளுடன் ஏற்றப்பட்டது. பின்னர் 1844 இல் தனித் தூண் ஒன்று எழுப்பப்பட்டது. அதன் பணியை 1894 இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் குவிமாட விளக்கு ஏற்றது. பணி ஓய்ந்த அத்தூண் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கின்றது.

ராஜீவ் காந்தி 1991 இல் படுகொலை செய்யப்பட்டதை அடுத்து, பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பார்வையாளர்கள் மேலே செல்வது தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, நகரவாசிகள் கோபுரத்தைக் கீழிருந்து காண மட்டுமே முடிந்தது. 2013 நவம்பரில் தடை நீங்கியது. மேல்மாடத்திலிருந்து மெரினாவின் மணற்பரப்பு, மீனவர் குடியிருப்புகள், சாந்தோம் தேவாலயத்தின் வெண்ணிறக் கோபுரம் ஆகியவற்றைக் காணலாம்.

இதன் பெயரைக் கொண்ட பறக்கும் தொடருந்து நிலையம் கடற்கரையில் இல்லை. சற்று உள்ளே தள்ளி அமைந்துள்ளது.