நெற்லி இராணுவ வைத்தியசாலை: ஒரு வரைபடத்தின் விலை

கிறிமிய யுத்தத்திலே போர்க்காயங்களினும் நோயே பிரித்தானியப் படைவீரரை மிகுதியாகக் கொன்றது. அவ்யுத்தம் முடிவுற்ற 1856ஆம் ஆண்டில், சவுதாம்ரன் நகருக்கு அண்மையில் நெற்லி இராணுவ வைத்தியசாலைக்கு விக்ரோறியா மகாராணி அடிக்கல் நாட்டினார். கால் மைல் நீளமான அக்கட்டிடத்தின் நடைகூடங்கள் கடலை நோக்கின. நோயாளர் விடுதிகளோ வெயில் குன்றிய பின்புறத்தில் அமைந்தன. வரைபடத்தை ஆராய்ந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் இக்குறையை எடுத்துரைத்தார். பிரதமர் பாமஸ்ரன் பிரபுவும் அதனை ஏற்றார். எனினும், அத்திவார வேலை முன்னேறியிருந்தமையால் திட்டம் கைவிடப்படவில்லை. 1863இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அம்மையார் விரும்பிய தனித்தனி விடுதி முறை, 1865இல் வூல்விச்சில் திறக்கப்பட்ட ஹேபேட் வைத்தியசாலையிலேயே உருப்பெற்றது. நெற்லியின் பிரதான கட்டிடம் 1966இல் இடிக்கப்பட்டது. தேவாலயம் மட்டுமே எஞ்சியது. தாளிலே திருத்தத் தவறிய பிழையைக் கல்லிலே திருத்துதல் அரிது என்பதே இவ்வரலாற்றில் நாம் காணும் உண்மையாகும்.