தொட்டிலும் கொழுந்துக் கூடையும்: தோட்டக் குடும்பத்திற் குழந்தை வளர்ப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் ஏற்றுமதி, முதலீடு, கங்காணிமுறை, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகிய தலைப்புகளின் கீழேயே எழுதப்பட்டு வந்துள்ளது. அத்தலைப்புகளின் முக்கியத்துவம் மறுக்கப்பட முடியாதது. எனினும், அவற்றுள் எதிலும் அடங்காத எளிய வினா ஒன்று உண்டு. மூன்று நான்கு சிறு பிள்ளைகளும் அண்மையிற் பிறந்த சிசு ஒன்றும் உள்ள வீட்டில், தாய் விடியற்காலையிற் கொழுந்தெடுக்கச் சென்ற பின்னர் அச்சிசுவை வைத்திருந்தவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடுமிடத்துத் தோட்டக் குடும்ப வாழ்வின் உள்ளமைப்புத் தெளிவாகின்றது.

தோட்டத்தில் குடும்பம் நிலைபெற்றமை கோப்பியிலிருந்து தேயிலைக்கு நிகழ்ந்த மாற்றத்தோடு தொடர்புடையது. கோப்பிக்கு அறுவடைக் காலத்திலேயே பெருந்தொகையான தொழிலாளர் தேவைப்பட்டனர். தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்தோரிற் பெரும்பான்மையினர் ஆண்கள். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திற் தேயிலையைப் பயிரிட்டார். 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோய் அடுத்துவந்த ஆண்டுகளிற் கோப்பிச் செய்கையை அழித்தது. தேயிலைச் செடியோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. குறித்த நாட்களுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கப்படாவிடின் முற்றிப் பயனற்றுப் போவது. ஆகவே, பெண்களின் உழைப்பும் நிரந்தரக் குடியிருப்பும் அவசியமாயின. குடும்பத்தை மலைக்குக் கொணர்ந்த அதே பயிர், அக்குடும்பத்தின் தாயைப் பகல் முழுவதும் வீட்டிலிருந்து பிரித்தும் வைத்தது.

இக்குடும்பத்துக்குக் கிடைத்த இடம் லயத்திற் காம்பரா ஒன்று. ஏறத்தாழ 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட அந்த ஒற்றை அறையும் முன்புறத்துச் சிறு திண்ணையுமே சமையலுக்கும் உறக்கத்துக்கும் மகப்பேற்றுக்கும் இடமாயின. அடுப்புப் புகை வெளியேற வழி குறைவு. கூரையிற் கட்டிய சேலைத் தொட்டிலில் சிசுவும், கீழே விரித்த சாக்கிலும் பாயிலும் ஏனைய பிள்ளைகளும் உறங்கினர். ஒரு பிள்ளைக்கு வந்த இருமலும் காய்ச்சலும் அனைவருக்கும் பரவுவதற்கு அந்நெருக்கமே போதுமானதாக இருந்தது.

தாயின் நாள் ஏனையோர் விழிக்கும் முன்னர் தொடங்கியது. தண்ணீர் எடுத்தல், ரொட்டி சுடுதல், பிள்ளைகளை எழுப்புதல், சிசுவுக்குப் பாலூட்டல் ஆகியன யாவும் பெரட்டுக்கு முன் முடிந்தாக வேண்டும். ஆண்களுக்கு வகுக்கப்பட்ட வெட்டு, கவ்வாத்து முதலிய வேலைகள் பெரும்பாலும் பிற்பகலில் நிறைவுற, கொழுந்தெடுப்போர் மாலை நிறுவை வரை மலையில் நின்றனர். பின்னர் விறகும் தண்ணீரும் அடுப்பும் மீண்டும் அவர்களையே எதிர்நோக்கின. சிசுவுக்குப் பசிக்கும் நேரத்தைச் சிசு தீர்மானிக்கவில்லை. தோட்டத்தின் நிறுவை நேரமே தீர்மானித்தது.

இந்நிலைக்குத் தோட்ட நிருவாகம் கண்ட பரிகாரமே பிள்ளைக்காம்பரா. வேலைக்குச் செல்ல இயலாத முதிய பெண்ணொருத்தியின் பொறுப்பில், விட்டத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டில்கள் வரிசையாக அமைந்த ஓர் அறையாகவே அது பல தோட்டங்களில் நெடுங்காலம் விளங்கியது. அதனை வெறுமனே இகழ்ந்துரைத்தல் நேர்மையாகாது. அக்காலத்துக் கிராமப்புறத் தாய்க்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. ஆயினும் கிராமத்தில் அருகிலேயே வாழ்ந்த பாட்டி, தோட்டத்திற் பலருக்கு இல்லை. அம்மாயி கடலுக்கு அப்பால் ஊரில் இருந்தாள். உடன்வந்த அப்பாயியோ உடலில் வலுவுள்ளவரை செக்றோலில் பெயருள்ள தொழிலாளியாகவே இருந்தாள். உறவு விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்ப வந்த பிள்ளைக்காம்பராவின் முதல் நோக்கம் சிசுவின் வளர்ச்சியன்று. தாயின் கைகளைக் கொழுந்துக்கு விடுவித்தலே ஆகும்.

சட்டங்களும் இதே நோக்கின் சாயலைக் கொண்டிருந்தன. 1912ஆம் ஆண்டில் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்து இயற்றப்பட்ட சட்டங்கள், பிரசவித்த பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் இருப்பிடமும் ஓய்வும் அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தின. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பணக்கொடுப்பனவை உரிமையாக்கியது. இவை குறிப்பிடத்தக்க முன்னேற்றங்களே. ஆனால், பிரசவத்தை அடுத்த சில வாரங்களையே அவை கருத்திற் கொண்டன. அதன்பின் வரும் மாதங்களிற் சிசுவைச் சுமப்போர் யார் என்பது குடும்பத்தின் சொந்த விவகாரமாகவே விடப்பட்டது.

குடும்பம் அதற்குக் கண்ட விடை மூத்த பெண்பிள்ளை ஆகும். இது பெற்றோரின் அன்பின்மையால் விளைந்ததன்று; கூலிக்கணக்கால் விளைந்தது. 1927ஆம் ஆண்டின் ஆகக் குறைந்த கூலிச் சட்டத்தின் கீழ் 1929ஆம் ஆண்டில் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். நோயுற்ற சிசுவுக்காகத் தாய் வீட்டில் நின்றால் இழப்பு 43 சதம். வேலைக்குச் செல்லும் வயதுடைய மகள் நின்றால் இழப்பு 32 சதம். பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்தலை அச்சட்டம் தடைசெய்திருந்தமையால், எட்டு வயது மகள் நின்றால் கூலியில் இழப்பு எதுவும் இல்லை. இழக்கப்பட்டது அவளது பள்ளிக்கூட நாள் மட்டுமே. அந்த இழப்பு எந்தச் செக்றோலிலும் பதியப்படவில்லை.

1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குமாறு விதித்தது. ஓராசிரியர் பாடசாலைகள் பல தோன்றின. எனினும், கல்விக்கென ஒதுக்கப்பட்ட அவ்வயதே தம்பி தங்கையரை இடுப்பிற் சுமக்கும் வயதாகவும் இருந்தது. 1977ஆம் ஆண்டு முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரை, பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளுக்கு அப்பால் வளரவில்லை. மகள் சில ஆண்டுகளிற் கொழுந்துக் கூடையைத் தோளிலேற்றினாள். பின்னர் அவளும் தாயானாள். அவளது மூத்த மகள் அவள் விட்ட இடத்திற் தொடங்கினாள். தோட்டப் பெண்களிடையே எழுத்தறிவின்மை தலைமுறைகளாக நீடித்தமைக்கு வறுமையும் பாடசாலைக் குறைவும் காரணமாகக் கூறப்படுகின்றன. அவற்றோடு இத்தொட்டிலையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

1975ஆம் ஆண்டிற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1984ஆம் ஆண்டில் ஆண் பெண் இருபாலாருக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. பிள்ளைக்காம்பராக்கள் காலப்போக்கிற் பயிற்சி பெற்ற பராமரிப்பாளரைக் கொண்ட சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றப்படலாயின. எனினும், மகப்பேற்று விடுமுறை மூன்றாவது பிள்ளை முதல் 84 நாளிலிருந்து 42 நாளாகக் குறைக்கப்படும் ஏற்பாடு நெடுங்காலம் நிலவி, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கியது. பிள்ளைகள் மிகுந்த தாய்க்கே ஓய்வு குறைந்தது என்பது கவனிக்கத்தக்கது. தாய் குறைந்த நாட்களில் வேலைக்குத் திரும்பினால் எஞ்சிய நாட்களை வேறொருவர் ஈடுசெய்தே ஆகவேண்டும்.

தேயிலையின் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டோர் உரம், விறகு, கூலி, போக்குவரத்து என யாவற்றையும் கணக்கிற் சேர்த்தனர். தங்கையை உறங்கவைப்பதற்காகப் பள்ளிக்குச் செல்லாது தொட்டிற் கயிற்றைப் பிடித்திருந்த சிறுமியின் உழைப்பு அக்கணக்கில் இடம்பெறவில்லை. பெருந்தோட்ட வரலாறு முழுமை பெற வேண்டுமாயின், அவளது பெயரும் அதன் பதிவேட்டில் ஏறுதல் வேண்டும்.