பத்து நிமிஷத்தில் வாங்கிய ஜனதா

போன எபிசோட்ல சொன்ன விஷயத்தை இந்த வாரம் தொடர்றதா இருந்தது. ஆனா நடுவுல நான் ஒரு வாட்ச் வாங்கிட்டேன், அதனால அது அடுத்த வாரம்.

வாட்ச் வாங்குறதுக்கு எனக்கு ஒரு சட்டம் உண்டு. பிடிச்ச வாட்சை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல எழுதி வைக்கணும். 30 நாள் கழிச்சும் ஆசை இருந்தா மட்டும் வாங்கலாம். பல ஆசைகள் 12வது நாளே செத்துப்போகும். வீட்டில் இருக்கிற 14 வாட்சுல 13 இந்தச் சட்டப்படி வந்தவை.

14வது வந்த கதைதான் இது. என் கேசியோ எஃப்-91டபிள்யூ நின்னுபோச்சு. செல் மாத்த, பாரிமுனைப் பக்கம் ஒரு சின்ன வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்துப் பதினைந்து பழைய வாட்ச் கிடந்தது. அதுல ஒண்ணு ஹெச்.எம்.டி. ஜனதா. வெள்ளை டயல், நீல எண்கள், எந்த அலங்காரமும் இல்ல. "அண்ணே, இது ஓடுமா?"ன்னேன். அவர் பதில் சொல்லாம எடுத்து நாலு சுத்து சாவி கொடுத்தார். அதுவரை செத்துக் கிடந்த விநாடி முள் சட்டுன்னு கிளம்புச்சு. "ஓடுது தம்பி. ஆயிரத்து இருநூறு." பத்து நிமிஷத்துல அதைக் கையில கட்டிக்கிட்டு வெளியே நிக்கிறேன். ஸ்ப்ரெட்ஷீட் ஞாபகமே வரல.

இப்போ மைக் பக்கத்துல வைக்கிறேன், கேளுங்க. கேட்டுச்சா? மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு அஞ்சு. உள்ளே பேட்டரி கிடையாது, சுருட்டி வச்ச ஒரு எஃகு ஸ்பிரிங் மெதுவா விரியுது, அவ்வளவுதான். இந்தச் சத்தத்தை ஒரு காலத்துல நாடு முழுக்க கேட்டிருக்காங்க.

ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953ல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனம். பேர்லயே இருக்கு பாருங்க, அவங்க வேலை லேத் மாதிரி பெரிய இயந்திரங்கள் செய்யறது. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோட சேர்ந்து வாட்ச் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. பின்னாடி ஸ்ரீநகர், தும்கூர்னு விரிஞ்சுது. என் வாட்ச் டயல்ல 'பாரா ஷாக்'னு எழுதியிருக்கு. கீழே விழுந்தாலும் உள்ளிருக்கும் மெல்லிய அச்சு உடையாம காக்குற, சிட்டிசன் வழி வந்த ஏற்பாடு அது. பேரு 'ஜனதா'. அரசாங்கமே மக்களுக்குச் செஞ்ச வாட்ச், வேற எப்படிப் பேர் வைப்பாங்க?

ஆனா அந்த மக்கள் நினைச்ச நேரத்துல வாங்க முடிஞ்சுதான்னா, இல்ல. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால வெளிநாட்டு வாட்ச் இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. உள்நாட்டுல தேவை அளவுக்கு உற்பத்தியும் இல்ல. காத்திருக்கணும், இல்லேன்னா கடத்தல்ல வந்த 'ஃபாரின் வாட்ச்' தேடிப் போகணும். நம்ம ஊர் பர்மா பஜாருக்கு அந்தப் புகழ் சும்மா வரல.

இது எனக்குப் புத்தக அறிவாத்தான் இருந்தது. வாட்சை அப்பாகிட்ட காட்டின அன்னிக்குத்தான் உறைச்சுது. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "நான் இதுவரை ஒரு வாட்ச் கூட காசு கொடுத்து வாங்கினதில்லடா"ன்னார். நான் நம்பல. அவர் எண்ணிக் காட்டினார். காலேஜ் சேரும்போது தாத்தா தன் கையிலிருந்து கழட்டிக் கொடுத்தது ஒண்ணு, ஹெச்.எம்.டி. கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது ஒண்ணு. 25 வருஷ சர்வீசுக்கு கம்பெனி கொடுத்தது ஒண்ணு. மூணும் அடுத்தவங்க கொடுத்தது, மூணுக்கும் ஒரு காரணம் உண்டு. பாஸ், கல்யாணம், ரிட்டயர்மென்ட்னு ஏதாவது நடந்தாத்தான் வாட்ச் வரும். சனிக்கிழமை மதியம், ஒரு காரணமும் இல்லாம, சும்மா பிடிச்சிருக்குன்னு ஒருத்தன் வாட்ச் வாங்குறது அவருக்குப் புரியவே இல்ல.

அந்த 'சும்மா'வை எனக்குச் சாத்தியமாக்கினது குவார்ட்ஸ். இந்த இடத்துல எனக்குள்ள இருக்கிற இன்ஜினியரைக் கொஞ்சம் பேச விடுங்க. குவார்ட்ஸ் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தா விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விநோத எண்? அது 2ன் 15வது அடுக்கு. 15 தடவை பாதியாக்கினா சரியா 1 வரும், விநாடிக்கு ஒரு துடிப்பு. சர்க்யூட்டுக்கு இதைவிட எளிமையான வேலை கிடையாது. குவார்ட்ஸைக் கைக்கடிகாரத்துக்குள்ள அடைச்சு முதல்ல விற்றது செய்கோ, 1969 கிறிஸ்துமஸ் அன்னிக்கு. விலை 4,50,000 யென், அப்போ ஒரு காரே வாங்கலாம். இருபது வருஷத்துல, 1989ல், அதே தத்துவத்துல என் பிளாஸ்டிக் கேசியோ வந்தாச்சு. எந்த ஸ்விஸ் மெக்கானிக்கல் வாட்சையும்விட சரியா நேரம் காட்டும், விலையோ அற்பம்.

இந்தியாவுல அந்த அலையைப் பிடிச்சது டைட்டன். 1984ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கினது, தொழிற்சாலை நம்ம ஓசூர்ல. மொசார்ட் இசையோட விளம்பரம், பளபளன்னு ஷோரூம். ஹெச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்யாம இல்ல. ஆனா வாட்சுங்கிறது மணி பார்க்கிற கருவிங்கிற இடத்துலயே அது நின்னுடுச்சு. டைட்டன் அதையே ஒரு ஆசையா வித்தது, என் கணிப்புல அங்கேதான் ஆட்டம் முடிஞ்சுது. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஜனங்க தேடித்தேடி வாங்கினது வேற கதை.

சரி, என் வாட்ச் ஒரிஜினலா? வீட்டுக்கு வந்ததும் லென்ஸ் போட்டுப் பார்த்தேன். எழுத்துக்களின் ஓரம் லேசா வீங்கியிருக்கு, யாரோ டயலுக்கு மறுபடி பெயின்ட் அடிச்சிருக்காங்க. கேஸ் வேற மாடலோடது. சாவி புதுசு. பின்மூடியைத் திறந்தா, உள்ளே இருக்கிற மெஷின் மட்டும் சந்தேகமில்லாம ஹெச்.எம்.டி., 17 கல். நாலஞ்சு வாட்சோட உறுப்புகளைச் சேர்த்து உண்டாக்கின இதை எங்க வட்டாரத்துல 'ஃபிராங்கன் வாட்ச்'னு சொல்வோம். மறுவிற்பனையில மதிப்பு கம்மி. 30 நாள் சட்டத்துல போயிருந்தா ரெண்டாவது நாளே இதை அடிச்சிருப்பேன்.

அன்னிக்கு ராத்திரி கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்துடலாமான்னுகூட யோசிச்சேன். அப்புறம் தோணுச்சு, கடைக்காரர் ஒரிஜினல்னு சொல்லவே இல்லையே. ஓடுதான்னு கேட்டேன், ஓடுதுன்னார். ஓடுது. மத்த 13 வாட்சுல எதையும் நான் இப்படி ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்கினதில்ல.

அப்பாவுக்கு இந்த டயல், கேஸ் விவகாரமெல்லாம் சொன்னேன். காதுலயே போட்டுக்கல. "14 வாட்ச் வச்சிருக்கியே, மணி எதுல பார்க்கிற?"ன்னார். "போன்ல"ன்னேன். தலையில அடிச்சுக்கிட்டார்.

ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் வேகமா ஓடுது. தினமும் காலைல சரிபண்ணி சாவி கொடுக்கிறேன். முதல் நாள் கையில கட்டிக்கிட்டே திருகினதைப் பார்த்து அப்பா சமையல்கட்டுல இருந்தே கத்தினார்: "கழட்டிட்டுத் திருகுடா, இழுத்து இழுத்து ஸ்டெம் போயிடும்." நாற்பது வருஷத்துக்கு முன்னாடி தாத்தா அவர்கிட்ட இதையேதான் கத்தியிருக்கணும்.

கேசியோவுக்கு செல் இன்னும் மாத்தல. அதை அந்தக் கடையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்.