காய்ச்சல் காத்த மலை

கொடைக்கானலில் 1845லேயே அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்குத் தப்பி வீடு கட்டிக்கொண்டார்கள். ஏற்காட்டில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி நட்டார். ஊட்டிக்கு 1908இல் ரயிலே போய்விட்டது. கொல்லிமலைக்கு மட்டும் என்ன குறை? ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், அருவி, மிளகு, பலா, மேகம் எல்லாம் உண்டு. சேலமும் நாமக்கல்லும் பக்கத்தில்தான். ஆனாலும் அந்தக் காலத்தில் இங்கே ஒரு கிளப்போ படகுத்துறையோ எழும்பவில்லை.

போன வருஷம் குடும்பத்தோடு காரவள்ளியிலிருந்து மேலே ஏறினோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், நாற்பதுக்கு மேல் எண்ணும் நிலையில் இல்லை. பின் சீட்டில் அம்மா அவளுக்கு முதுகைத் தடவிவிட்டபடி, "மலைத் தண்ணிய மட்டும் குடிச்சிராத கண்ணு, காய்ச்சல் வந்துரும்" என்றார். அம்மா ராசிபுரம் பக்கம். அவருடைய பாட்டி சொன்னதாம்.

மேலே கேட்ட கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. காய்ச்சல் தண்ணீரால் வரவில்லை, கொசுவால் வந்தது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல். அதற்கு முன் தண்ணீர், காற்று, தெய்வம் எல்லாவற்றின் மேலும் பழி விழுந்தது. உயரக் கணக்கையும் பார்க்கணும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அந்தக் குளிரில் மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடம்புக்குள் வளர்ந்து முடிப்பது கடினம். கொல்லிமலையில் ஊர்கள் இருப்பது ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டருக்குள். ஆளுக்கு இதமான குளிர், கொசுவுக்கும் இதமான குளிர். துரைமார் மலையேறியதே உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான். காய்ச்சல் பிடிக்கும் மலையில் அவர்களுக்கு என்ன வேலை?

வந்து தங்கியவர்களும் உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி 1913இல் மனைவி எவ்லினோடு வாழவந்தி நாட்டில் குடியேறினார். மருந்து கொடுத்தார், பள்ளி நடத்தினார். 1929இல் மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். எவ்லின் வயதான பிறகு, மிஷன் ஓய்வு கொடுத்ததும், தன் பொறுப்பில் திரும்பி வந்து மலைகளில் அலைந்தார். 1974இல் இறந்தபோது அவருக்கு 95 வயது.

அவர்கள் மகன் பால், 1914இல் பிறந்தவர், பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய உலகப் புகழ் அறுவை மருத்துவர். சிறுவயதில் மலையின் படிக்கட்டு வயலில் தவளை பிடித்து விளையாடியதை அவர் எழுதியிருக்கிறார். வயல் காக்கும் தாத்தா ஒருவர் வந்து, ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டிக் கடிந்துகொண்டாராம்: வரப்பைக் கலக்கினால் இந்த மண் ஓடையில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடும், திரும்பி மேலே வராது என்று. ஊட்டியைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரர்களிடம் 'காட்சி' நிறைய கிடைக்கும். மலையை மண்ணாகப் பார்க்கும் பார்வை எனக்கு இங்கேதான் கிடைத்தது.

மலையை 'காட்சி'யாகப் பார்ப்பதே புதுப் பழக்கம்தான். ஸ்விட்சர்லாந்து போய்வந்த நண்பர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தால், ஆல்ப்ஸ் ஆதிகாலம் தொட்டே சுற்றுலாத் தலம் என்று தோன்றும். சூரிச் அறிஞர் ஷாய்க்ஸர் 1723இல் வெளியிட்ட ஆல்ப்ஸ் பயண நூலில் அங்கே வாழும் டிராகன்களின் படங்கள் இருக்கின்றன! தாமஸ் குக் சுற்றுலாக் கூட்டத்தை அங்கே கூட்டிப்போனது 1863இல். நமக்கு டிராகனுக்குப் பதில் கொல்லிப்பாவை. சங்கப் பாடல்களில் அவள் காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் சிதையாத அழகி, தலைவியின் அழகுக்கு உவமை. பிந்தைய கதைகளில்தான் சிரித்தே ஆளைக் கொல்பவள் ஆகிறாள். அந்தச் சிரிப்பில் மலேரியா இருக்கிறது என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

காய்ச்சலால் யாருக்கு லாபம்? மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்கு என்று சட்டென்று சொல்லிவிடலாம். (கேரளத்து மலையாளிகள் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளைப் பங்கிட்டுக்கொண்டதாக அவர்களுடைய கதை.) ஏற்காட்டில் நல்ல நிலம் எஸ்டேட்டுகளுக்குப் போனது. இங்கே வாழவந்தி நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாடுகளும் ஊர்க்கவுண்டர்களும் சாமை வயல்களும் பெருமளவு அவர்கள் கையிலேயே நின்றன. ஆனால் அதே காய்ச்சல் அவர்கள் பிள்ளைகளையும்தான் கொன்றது. மலைக்காரனுக்குக் காய்ச்சல் வராது என்பது கீழ்நாட்டுக்காரர்கள் கட்டிய கதை. சின்ன வயதில் பிழைத்தவர்களுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு சக்தி வந்தது, அவ்வளவுதான். காய்ச்சல் போனது நல்லதா என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது, கூடவே டி.டி.டி. காய்ச்சல் இறங்க, பஸ் ஏறியது. ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்து சாமையையும் தினையையும் ஒதுக்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியங்களை மீட்க இங்கே பல வருஷம் வேலை செய்தது தனிக்கதை. ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழாவை அரசே நடத்துகிறது. செம்மேட்டில் ஓரி சிலைக்கு முன் செல்ஃபி எடுக்காத குடும்பம் இல்லை, நாங்களும் எடுத்தோம்.

டீக்கடைப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "முன்னெல்லாம் கீழ இருந்து வர்ற ஆளு பொழுது சாய எறங்கிருவான் தம்பி. இப்ப தங்கறதுக்கே வர்றாங்க." தங்க இடம் வேண்டும், இடத்துக்கு நிலம் வேண்டும். ஆந்திரத்திலும் ஜார்கண்டிலும் பழங்குடி நிலத்துக்கு அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணை வேலி போடுகிறது. தமிழ்நாட்டில் ஒரு மலையைக்கூட அந்த அட்டவணைப் பகுதியாக அறிவிக்கவில்லை. கொசு போட்டிருந்த வேலி போன பிறகு, அந்த இடத்தில் எழுத்தில் பெரிதாக எதுவும் வரவில்லை.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. அம்மா அறப்பளீஸ்வரர் கோயிலிலேயே உட்கார்ந்துகொண்டார். போகும் வழியில் 'இடம் விற்பனைக்கு' பலகைகள் நான்கைந்து பார்த்தேன். கைபேசி எண்ணுக்குக் கீழே தொடர்புக்கு ஊர்ப் பெயர் இருந்தது. சேலம், ஈரோடு, திருச்சி. மலை ஊர் ஒன்றுகூட இல்லை.