வடலூர் விளக்கும் கண்ணாடியும்

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர், நெய்வேலி தாண்டினால் வடலூர். தைப்பூசத்துக்கு நான் விடாமல் போகிற ஊர். பள்ளியில் ஒளியியல் நடத்தியவன் என்பதால், அங்குள்ள ஞானசபையில் ஏழு திரைகள் விலகும்போது கை தன்னால் கூப்பிக்கொள்ளும், கண் மட்டும் கண்ணாடியைத் தேடும்.

வள்ளலாரின் எண்கோண ஞானசபையில் 1872 ஜனவரி 25 அன்று வழிபாடு தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் அவர் எழுதிய விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: உள்ளே வைப்பது பித்தளைக் குத்துவிளக்கு அல்ல, தகரக் கண்ணாடி விளக்கு. ஏழை வீட்டிலும் கிடைக்கும் பொருள்! அதைத் தூக்கிப் போகிறவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டைக் கடந்தவராகவோ இருக்க வேண்டும் என்றும் வகுத்தார்.

காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது சுடரின் ஒளி வேகம் குறைந்து வளைகிறது. மறுபக்கம் வெளியேறும்போது பழைய திசைக்கே திரும்புகிறது. அதனால்தான் தட்டைக் கண்ணாடி வழியே சுடர் உருக்குலையாமல் தெரிகிறது. நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். சாய்வு கூடக்கூட இந்தப் பங்கும் கூடும். 80 பாகையில் ஏறக்குறைய 39 விழுக்காடு. பிரான்சின் பிரெனெல் இந்தக் கணக்கை 1823-லேயே எழுதிவிட்டார். கூட்டத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்பவருக்கு எந்தக் கண்ணாடியிலும் வெளி வெளிச்சம் கூடுதலாகப் பளபளக்கும். ஆகவே, தள்ளுமுள்ளு இருந்தாலும் நடு வரிசையில் நில்லுங்கள் என்றே என் மாணவர்களுக்குச் சொல்லி அனுப்புவேன்.